பந்தியும் மரக்காலும்: சினிமாவில் டெல்டாவின் சோற்றைத் தேடினால்

ஒரு வட்டாரத்தின் பாரம்பரிய உணவைத் தெரிந்துகொள்ள அந்த வட்டாரத்துப் படங்களைப் பாருங்கள் என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. தப்பில்லை. கோழிக்கோட்டுப் பிரியாணியை 'உஸ்தாத் ஹோட்டல்' (2012) பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. 'அங்கமாலி டைரீஸ்' (2017) பார்த்தவருக்கு, அந்த ஊரில் பன்றிக்கறிக்கு என்ன இடம் என்று யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை. டெல்லியில் வாடகைக்கு இருக்கும் வடகிழக்கு இளைஞர்கள் தங்கள் ஊர்க் குழம்பை அக்கம்பக்கத்துக்குப் பயந்து சமைக்கப் படும் பாட்டையே 'ஆக்சோன்' (2019) என்ற இந்திப் படம் முழுக் கதையாக்கியது.

இதே வழியில் தஞ்சாவூருக்கு வந்தால் என்ன கிடைக்கிறது? தலைவாழை இலை, சாம்பார், ரசம், பாயசம், வடை, பித்தளை டவராவில் நுரைத்த காபி, பொங்கலன்று வாசலில் பொங்கி வழியும் பானை, கல்யாண மண்டபத்தில் குனிந்து குனிந்து பரிமாறும் கைகள். தமிழ் சினிமாவில் டெல்டா என்றால் பந்தி. அந்தப் பந்தியில் விழும் சோறு எந்தக் களத்திலிருந்து வந்தது, அதை அறுத்தவருக்கு எத்தனை மரக்கால் அளந்தார்கள், அவர் அன்று இரவு எதைத் தின்றார் என்ற கேள்விகளை அந்தப் படங்கள் கேட்பதில்லை. காவிரிப் படுகை மாதிரி நெல்லுக்காக இவ்வளவு ரத்தம் சிந்திய வட்டாரம் தமிழ்நாட்டில் வேறு இல்லை. அப்படியிருக்க இந்த மௌனத்தைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பழையதிலிருந்தே தொடங்கலாம். டெல்டாவின் உழைக்கும் மக்கள் திரையில் முதன்முதலில் பெரிதாக வந்தது நந்தனார் கதை வழியாகத்தான். 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராக ஆண் வேடம் ஏற்றார். அவருக்குக் கொடுத்த ஒரு லட்ச ரூபாய் சம்பளம் அன்றைக்கு ஊர் முழுக்கப் பேச்சு. 1942இல் ஜெமினியின் 'நந்தனார்' வந்தது. அதில் தண்டபாணி தேசிகர். இரண்டுமே கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனைக் கதையைப் பின்பற்றியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரதி எழுதிய அந்தக் கதையில்தான் வேதியர் என்ற ஆண்டை வருகிறார். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அப்படி ஒருவர் கிடையாது. பெரியபுராணத்து நந்தன் கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர். பாரதியின் நந்தனோ பண்ணையாள். பாரதி தன் கண்ணெதிரில் இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தஞ்சாவூரைத்தான் கதைக்குள் கொண்டுவந்தார் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரும் சொல்லியிருக்கும் விஷயம்.

அந்தக் கதையின் உச்சம் நம் எல்லோருக்கும் தெரியும். சிதம்பரம் போக அனுமதி கேட்ட நந்தனிடம், நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரு வேலி ஆறரை ஏக்கருக்கும் கொஞ்சம் அதிகம். நாற்பது வேலி என்றால் 260 ஏக்கரைத் தாண்டும். ஒரே இரவில் சிவனருளால் வேலை முடிந்துவிடுகிறது. விடிந்ததும் வேதியர் நந்தன் காலில் விழுகிறார். பக்திக் கதையாகப் பார்த்தால் மனம் உருகும். கூலிக் கணக்காகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 260 ஏக்கரின் வேலை முடிந்திருக்கிறது, ஒரு படி நெல்கூட யாருக்கும் அளக்கப்படவில்லை. ஆண்டையின் குற்றவுணர்வு தீர்ந்தது, நெல்லும் அவர் களஞ்சியத்துக்கே போயிற்று. டெல்டாவின் அறுவடைக் கதை திரையில் இப்படித்தான் அறிமுகமானது. தெய்வம் செய்த வேலைக்குக் கூலி கேட்பவர் யார்?

சேக்கிழார் இந்த விஷயத்தில் சினிமாவைவிட எவ்வளவோ மேல். ஆதனூர்ப் புலைப்பாடியை அவர் வர்ணிக்கும் பாடல்களில் கூரை மேல் படர்ந்த சுரைக்கொடி இருக்கிறது, உலரும் தோல் இருக்கிறது, கோழிக்குஞ்சு இருக்கிறது, நாய்க்குட்டி இருக்கிறது, பாடிக்கொண்டே நெல் குத்தும் பெண்கள் இருக்கிறார்கள். அவர் பார்வையில் சாதி இல்லை என்று நான் சொல்லவில்லை, நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒருவர் சேரிக்குள் வந்து, கூரையில் என்ன காய்த்திருக்கிறது என்று பார்த்திருக்கிறார். கேமரா கண்டுபிடித்த பிறகு டெல்டாவுக்கு வந்த பெரும்பாலோர் அந்த அளவுகூடப் பார்க்கவில்லை.

இதற்கு அடுத்து 1968க்கு வந்தாக வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் 'தில்லானா மோகனாம்பாள்' வெளிவந்தது. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை, ஏ.பி.நாகராஜன் இயக்கம். சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி, திருவாரூர் மோகனாம்பாளாக பத்மினி. தஞ்சைப் பண்பாடு என்று சொன்னதும் இன்றைக்கும் பலர் முதலில் நினைப்பது இந்தப் படத்தை. எனக்கும் பிடித்த படம்தான். மனோரமாவுக்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். இது சாப்பாட்டைப் பற்றிய படமல்ல. ஆனால் அதில் நாயனத்துக்கும் சலங்கைக்கும் சம்பாவனை கொடுக்கும் கோயில்களும் மைனர்களும் பெரிய மனிதர்களும் யார் நெல்லில் வாழ்ந்தார்கள்? கச்சேரிக்குப் பணம், கல்யாணத்துக்குப் பந்தி, கோயிலுக்குக் கட்டளை எல்லாமே களத்தில் கூலி போக மிஞ்சிய நெல்தான். கூலி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மிஞ்சும்.

நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில் சிக்கலைத் தாண்டினால் கீழ்வேளூர். அந்த வட்டாரத்துக் கிராமம்தான் கீழவெண்மணி. படம் வந்து ஐந்து மாதம் கழித்து, 1968 டிசம்பர் 25 அன்று இரவு, அங்கே ராமையாவின் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த தலித் மக்கள் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்காக எரித்தார்கள் என்று சுருக்கமாகச் சொல்கிறோம். செங்கொடியை இறக்கிவிட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர மறுத்ததும் காரணம். இரண்டும் வேறு வேறல்ல. கொடி இருந்தால்தான் படி கேட்க முடியும். நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. காரும் நிலமும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் நேரில் நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பின் தர்க்கங்களில் ஒன்று.

அரைப்படி என்றால் என்ன என்று இன்றைய இளைஞர்களுக்குச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படத்தில் அவர்கள் அதைப் பார்த்ததே இல்லை. டெல்டாவின் கூலி நெற்கூலி. அறுத்து, கட்டாகக் கட்டி, தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுவந்து, அடித்து, தூற்றி, குவித்த பிறகுதான் அளவு. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆண்டைக்கு இத்தனை கலம் கண்டால் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கு. அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று எண்ண மாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். அப்புறம்தான் இரண்டு, மூன்று. யாருடைய லாபம் என்று கேட்கக்கூடாது. ஆண்டைக்கு அளக்க ஒரு மரக்கால், ஆளுக்கு அளக்க அதைவிடச் சின்ன மரக்கால் என்று இருந்ததையும், கூலிக்குப் பதரும் கருக்காயும் கலந்த அடிநெல் போட்டதையும் எங்கள் பக்கத்து முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த நெல்லை வீட்டுக்குக் கொண்டுபோய், அவித்து, காயவைத்து, குத்தி, புடைத்த பிறகு எவ்வளவு அரிசி தேறுமோ அதுதான் வீட்டின் சோறு. அரைப்படி கூடினால் ஒரு பிள்ளைக்கு இராச்சோறு கூடும். கூலி உயர்வு என்ற சொல்லில் இது தெரியாது.

வெண்மணிக்கு முன்பே இந்தப் போராட்டத்துக்குக் கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. 1943இல் பி.சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்த பிறகு விவசாயிகள் சங்கம் வேர்பிடித்தது. களப்பால் குப்பு போன்றவர்கள் சேரிக்குள்ளிருந்தே தலைவர்களானார்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிந்தது அந்த நாற்பதுகளில்தான். சாணிப்பால் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: எதிர்த்துப் பேசிய பண்ணையாளுக்கு, மாட்டுச் சாணியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றிக் குடிக்கவைக்கும் தண்டனை. உபசாரத்துக்குப் பேர்போன தஞ்சாவூரில் பண்ணையாளுக்கு ஆண்டை பரிமாறியது அது. 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து கூலியை எழுத்தில் கொண்டுவந்தது. வெண்மணிக்குப் பிறகு கணபதியாப் பிள்ளை கமிஷனும், 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும் வந்தன. ஆக, டெல்டாவின் சோற்று வரலாற்றில் சட்டசபை இருக்கிறது, கமிஷன் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, எரிந்த குடிசை இருக்கிறது. சமையல் நிகழ்ச்சிகளிலும் படங்களிலும் இருப்பது கும்பகோணம் டிகிரி காபி.

வெண்மணி திரைக்கு வரவே இல்லையா என்றால், வந்தது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலைக் கொண்டு ஸ்ரீதர் ராஜன் இயக்கிய 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' 1983இல் வெளியானது. அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். ஆனால் மூல நாவல் மீது அப்போதே எழுந்த விமர்சனத்தை ஒதுக்கிவிட முடியாது. நிலப்பிரபுவின் கொடூரத்துக்குக் காரணமாக அவனுடைய ஆண்மைக் குறையை நாவல் முன்னால் நிறுத்தியது. ஒரு மனிதனின் உளவியல் சிக்கல் என்று ஆனவுடன் மரக்கால் பின்னால் போய்விடுகிறது. கூலி நெல்லுக்காக நடந்த கொலையில் நெல்லே துணைப் பாத்திரம் ஆகிவிட்டது. 2005இல் பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்தில்தான் வெண்மணி மக்கள் தங்கள் வாயால் பேசியதைக் கேட்டோம். டெல்டாவின் சோற்றைப் படத்தில் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஆவணப்படம் என்பேன். அதில் சமையல் காட்சி எதுவும் தேவையில்லை. சோறு எப்படி ஈட்டப்பட்டது என்பது அதில் இருக்கிறது.

சரி, கூலி நெல் போக மீதி வயிற்றை எதால் நிரப்பினார்கள்? இதுதான் டெல்டாவின் உண்மையான சமையல் வரலாறு, இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வயல் என்பது நெல் மட்டும் விளையும் இடமாக இருந்ததில்லை. நடவு வயலில் நத்தை, வரப்பு ஓரத்தில் நண்டு, வாய்க்காலில் கெண்டை, கெளுத்தி, குரவை, தண்ணீர் வற்றும் மாதத்தில் சேற்றுக்குள் விரால். வரப்பில் ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை. குளத்தில் அல்லிக்கிழங்கு. அறுவடை முடிந்ததும் எலிவளை. வளையை வெட்டினால் எலியும் கிடைக்கும், அது சேர்த்துவைத்த நெற்கதிரும் கிடைக்கும். மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் கிட்டி தஞ்சாவூர் வயல்களின் தனிச்சொத்து. எங்கே, எந்தத் தடத்தில் வைக்க வேண்டும் என்பது ஒரு படிப்பு. நாகப்பட்டினம் கரையிலிருந்து கூடையில் வரும் கருவாடும் சென்னாக்குனியும் பழையதுக்குத் துணை. செத்த மாடு விழுந்தால் கறி, மிஞ்சினால் உப்புக்கண்டம்.

இதைச் சொல்லவைப்பது லேசில்லை. நான் வேலை செய்யும் கிராமங்களில் மகளிர் குழுக் கூட்டங்களில் பழைய சாப்பாடு பற்றிக் கேட்டால் முதலில் பொங்கல், கொழுக்கட்டை, அதிரசம் என்றுதான் பட்டியல் வரும். அரைமணி நேரம் பேசிய பிறகு யாராவது ஒரு ஆயா சிரித்துக்கொண்டே, "நத்தையச் சொல்லலாமா?" என்று கேட்பார். அதுவரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவர்கள் அப்புறம் நிறுத்தவே மாட்டார்கள். நத்தையை எத்தனை தண்ணீரில் அலச வேண்டும், மிளகு எவ்வளவு, நண்டை இடித்து ரசம் வைத்தால் எந்தச் சளி போகும் என்று ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார். பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். அந்தப் பிள்ளைகள் பார்த்த படங்களில் அந்தச் சாப்பாடு இல்லை. இருந்த இடத்திலும் கேலிக்காகவோ, பரிதாபத்துக்காகவோ இருந்தது.

பரிதாபம் என்றதும் 2017 நினைவுக்கு வருகிறது. காவிரி வறண்டு, பயிர் கருகி, தமிழக விவசாயிகள் அய்யாக்கண்ணு தலைமையில் டெல்லி ஜந்தர் மந்தரில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நாற்பது நாளுக்கு மேல் போராடினார்கள். நாட்டின் கவனத்தை இழுக்க எலியை வாயில் கவ்விக் கேமராவுக்குக் காட்டினார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் நியாயம் இருந்தது, நானும் ஆதரித்தேன். ஆனால் அந்தப் படம் என்ன சொல்லிற்று? மனிதன் இதற்கு மேல் தாழ முடியாது என்பதற்கு எலி அடையாளமாயிற்று. அதே காவிரிப் படுகையில் அறுவடைக் காலத்து எலிக்கறியைக் காத்திருந்து தின்ற குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நிலம் உள்ளவருக்கு அவமானத்தின் கடைசிப் படி எதுவோ, அது நிலமில்லாதவருக்குத் தை மாதத்துச் சாப்பாடு. ஒரே வயலில் இரண்டு சமூகங்கள் இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டாம்.

கறிக்கும் இதே கதைதான். டெல்டாவின் பெருமைகளில் மிருதங்கமும் ஒன்று. மிருதங்கத்தில் பசுத்தோல் இருக்கிறது, ஆட்டுத்தோல் இருக்கிறது, எருமைத்தோல் வார் இருக்கிறது. அதைச் செய்கிற கைகளைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வெளியானபோது, மாடு வெட்டுவது பற்றிய பகுதிகளைக் காரணம் காட்டி கலாக்ஷேத்ரா விழாவுக்குக் கொடுத்த அரங்கைத் திரும்பப் பெற்றது. ராஜீவ் மேனனின் 'சர்வம் தாள மயம்' இந்த இடத்தைத் தொட்ட படம். மிருதங்கம் செய்பவரின் மகன் அப்பாவோடு சொந்த ஊருக்குப் போகிறான், டீக்கடையில் தங்களுக்கு மட்டும் வேறு குவளை என்பதைப் பார்க்கிறான். நல்ல காட்சி. தோல் எங்கே போயிற்று என்று அந்தப் படம் காட்டுகிறது. அந்த மாட்டின் கறி எந்தத் தெருவில் வெந்தது என்பதுவரை தமிழ் சினிமா போவதில்லை. தோல் கோயிலுக்குள் போகலாம், கறி தின்றவர் போகக்கூடாது. நந்தன் கதையிலிருந்து இன்றுவரை இதில் மாற்றமில்லை.

காவிரி பிரியும் இடத்தில் இருக்கும் ஸ்ரீரங்கத்தைக் களமாக வைத்து 2023 டிசம்பரில் 'அன்னபூரணி' வந்தது. கோயில் பிரசாதம் செய்பவரின் மகள் அசைவம் சமைக்கும் சமையல் கலைஞர் ஆகிறாள். ராமர் கறி சாப்பிட்டதாக ஒரு வசனம், புகார்கள், வழக்கு. 2024 ஜனவரியில் நெட்ஃப்ளிக்ஸ் படத்தையே எடுத்துவிட்டது. ஒரு அக்ரகாரத்துப் பெண் கோழி சமைத்ததற்கே இந்தக் கதி. அதே ஆண்டு வந்த 'மெய்யழகன்' நீடாமங்கலத்தைக் காட்டியது. கல்யாணப் பந்தியில் பார்த்துப் பார்த்துப் பரிமாறும் அன்பைக் கண்டு தமிழ்நாடே உருகிற்று. நானும் உருகினேன், மறுக்கவில்லை. அந்த ஊரின் நெல்லும் வாய்க்காலும் மாடும் அவ்வளவு அழகாக வந்த படத்தில், அந்த நெல்லை நட்ட தெருவுக்கு ஒரு வாசல்கூட இல்லை என்பது படம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

வேறு வட்டாரங்களில் இது மாறத் தொடங்கிவிட்டது. மராத்தியில் நாகராஜ் மஞ்சுளே 2013இலேயே 'ஃபன்றி'யில் பன்றி பிடிக்கும் குடும்பத்தின் பையனை நடுவில் நிறுத்தினார். பெருமாள்முருகனின் கதையைக் கொண்டு தமிழ் இயக்கிய 'சேத்துமான்' (2022) கொங்கு நாட்டில் பன்றிக்கறிக்கு ஆசைப்படும் பண்ணையாரையும், அதைச் சமைத்துக் கொடுக்கும் தாத்தாவையும் வைத்து, ஒரு பன்றியை வாங்குவது முதல் பங்கு பிரிப்பது வரை காட்டிற்று. யார் தின்கிறார்கள், யார் கழுவுகிறார்கள், பங்கில் சண்டை வந்தால் யார் சாகிறார்கள் என்பது அதில் இருக்கிறது. மாரி செல்வராஜின் 'வாழை' (2024) தாமிரபரணிக் கரையில் வாழைத்தார் சுமக்கும் பிள்ளைகளின் பசி. கூலியில் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டதைச் சரிக்கட்ட, செலவு மிச்சம் பிடிக்கும் முதலாளி தார் ஏற்றிய லாரியிலேயே ஆட்களையும் ஏற்றிவிடுகிறார்; லாரி கவிழ்கிறது. தலைக்கு மேல் முழுத்தாரைச் சுமக்கும் பிள்ளை பசியில் ஒரு பழத்தைத் தொட்டதற்கு அடி வாங்குகிறான். அதைப் பார்த்தபோது எனக்கு அரைப்படிதான் ஞாபகம் வந்தது. டெல்டாவின் நத்தைக்கும் மரக்காலுக்கும் அப்படியொரு படம் இன்னும் வாய்க்கவில்லை.

வாய்க்கும்போது அதில் காட்ட வேண்டிய வயலே பெரிதும் மாறிப்போயிருக்கிறது. அறுபதுகளில் தஞ்சாவூர் தீவிர சாகுபடித் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது; ஆடுதுறை 27 வந்தது, கூடவே எண்ட்ரினும் வந்தது. பூச்சிமருந்து அடித்த வயலில் நண்டும் மீனும் முதலில் செத்தன. நெல் விளைச்சல் கூடிய கணக்கு அரசாங்கப் புத்தகத்தில் இருக்கிறது. சேரியின் குழம்புச்சட்டியில் குறைந்த கணக்கை யாரும் எழுதவில்லை. அப்புறம் அறுவடை இயந்திரம் வந்தது. களமே இல்லாமல் போயிற்று. நெல் நேராக வண்டியில் ஏறி நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. வளை வெட்டுவது, கதிர் பொறுக்குவது எல்லாம் குறைந்துவிட்டது.

ஆனால் பட்டினி திரும்ப வரவில்லை. காரணம் ரேஷன் கடை. 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்த அரிசி, 2011இலிருந்து விலையில்லாமல் வந்தது. டெல்டாவில் நிலமில்லாத தலித் குடும்பத்துக்கு இது வெறும் சலுகை இல்லை. சோற்றுக்காக ஆண்டை வீட்டு மரக்காலை எதிர்பார்க்க வேண்டாம் என்ற நிலை பல நூற்றாண்டுகளில் முதல்முறையாக வந்தது. கூலி கட்டுப்படியாகாவிட்டால் வேலைக்குப் போகாமல் இருக்க முடிந்தது. திருப்பூருக்கோ சென்னைக்கோ ரயில் ஏற முடிந்தது. "இலவச அரிசியால் ஆள் கிடைப்பதில்லை" என்று டெல்டாவின் டீக்கடைகளில் புலம்பும் குரல் யாருடையது என்று கவனித்தால் இது புரியும். அந்தக் குரல் சினிமாவுக்கும் போனது. 'சர்கார்' (2018) படத்தில் விலையில்லாப் பொருட்களைத் தூக்கி நெருப்பில் போட்டார்கள். எங்கள் தெருக்களில் அந்த மிக்ஸியும் கிரைண்டரும் எத்தனை பெண்களின் தோள்வலியைக் குறைத்தன என்று அந்தக் காட்சியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருக்கிறது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்து, நெல் திருவிழா நடத்தி, 2018இல் மறையும்வரை விதையைப் பரப்பினார். மதிக்க வேண்டிய வேலை. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், குழியடிச்சான் என்று பெயர்கள் மீண்டும் நாவில் வந்தன. அவற்றில் பல, கூலிக்காரர் வீட்டில் வெந்த மோட்டா அரிசி. மிராசு வீட்டுப் பந்திக்குப் போனது சன்ன ரகம். இன்று அந்த மோட்டா அரிசி நகரத்து இயற்கை அங்காடியில் சன்ன ரகத்தைவிட அதிக விலைக்கு விற்கிறது. பழையதும் சின்ன வெங்காயமும் நட்சத்திர ஓட்டல் காலைச் சிற்றுண்டிப் பட்டியலில் மண்சட்டியில் வருகிறது. அதே பழையதை, மண்ணில் பள்ளம் பறித்து வாழையிலை விரித்து ஊற்றியதைக் குனிந்து குடித்தவர்கள் எங்கள் கிராமங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் ஓட்டல் விலையைச் சொன்னேன். "கரண்டிக்கா, சட்டிக்கா?" என்று கேட்டார்.

படங்களைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார். டெல்டாவின் கல்யாணக் காட்சி வரும்போது மண்டப வாசலைக் கொஞ்சம் கவனியுங்கள். குத்துவிளக்குக்குப் பக்கத்தில், பித்தளைப் பூண் போட்ட மரக்கால் ஒன்று, கோபுரமாக நெல் நிரப்பி வைத்திருக்கும். மங்கலத்துக்கு வைப்பது. உள்ளே பந்தி நடந்துகொண்டிருக்கும்.